பாதி இறக்கிய ஷட்டர்

1. சூட்கேஸ் வைக்கும் இடம்

என் கடைக்கு டிசைன் கேட்டு வந்தவர்களைவிட சூட்கேஸ் வைக்க வந்தவர்கள்தான் அதிகம். கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. முன்னால் கடை, பின்னால் ஓர் அறையும் சமையற்கட்டும். அவிநாசிப் பக்கத்தில் இருக்கும் என் ஒரம்பரை, அதாவது சொந்தக்கார சனம் மொத்தத்துக்கும் அந்த விலாசம் மனப்பாடம். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் சரி, ஜவுளி எடுக்க வந்தாலும் சரி, முதலில் என் கடையில் பையை வைப்பார்கள். வைத்துவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. உட்கார்ந்து, காபி குடித்து, வீட்டு நியாயம், ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். சாயங்காலம் பையை எடுக்க வரும்போது மறுபடி ஒரு காபி, மிச்சமிருந்த நியாயம்.

நான் செய்தது பனியன் பிரிண்டுக்கான ஆர்ட்வொர்க். இப்போது மவுஸ் பிடிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தொழிலில் கம்ப்யூட்டர் அப்போதுதான் தலையை நீட்டியிருந்தது. திருப்பூரில் ஒரு குழந்தை பனியனில் கரடி சிரிக்க வேண்டும் என்றால், யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்தக் கரடியை போஸ்டர் கலரில் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக ஒரு ஃபிலிம் டிரேஸ் செய்ய வேண்டும். அந்த ஃபிலிமை வைத்து ஸ்கிரீன் போட்டு, துணியில் ஒரு கலர்மேல் இன்னொரு கலராக அடிப்பார்கள். வரைவது நான். டிரேஸ் செய்து ஸ்கிரீன் போடுவது கோட்டைமேட்டு ரஃபீக் பாய். அவருக்கும் என் வயதுதான். தன் வீட்டிலேயே ஓர் இருட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் வந்து என் படங்களை எடுத்துக்கொண்டு போவார்.

என் வீட்டுக்காரர் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். கொப்பரை வரத்து அதிகமானால் அதுவும் இல்லை. பையன் அவிநாசியில் என் அண்ணன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனான். ஆக, பகலில் கடைக்கும் வீட்டுக்கும் நான் ஒருத்திதான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் துரைசாமி வந்தார். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் என்ன கேட்கிறார் என்று தெரிந்து, அதைச் செய்து வாங்கிக் கொடுப்பது அவர் வேலை. எனக்கு வந்த வேலையில் பாதி அவர் கொடுத்ததுதான். அதுவரை நான் வரைந்தது எல்லாம் அடுத்தவர் காட்டிய படம். ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "இதே மாதிரி, ஆனா வேற மாதிரி" என்பார்கள். அன்றைக்கு அவர் புத்தகம் எதுவும் கொண்டு வரவில்லை.

"அம்மணி, நீங்களா ரோசன பண்ணி கொளந்தைகளுக்கு ஒரு செட்டு போடுங்க. பத்துப் பன்னெண்டு படம். மூணு வாரத்துல பையர் வாராரு. அவருக்குப் புடிச்சுதுன்னா வருசம் பூராவும் உங்குளுக்குத்தான் வேலை."

"புடிக்கலீன்னா?"

"கம்ப்யூட்டர்காரங்ககிட்டக் குடுத்துருன்னு மேல சொல்லிப்போட்டாங்க. நாந்தான் ஒருக்கா அம்மணிகிட்டக் கேட்டுப் பாக்கறேன்னு வந்தேனுங்க."

என்ன வரைய வேண்டும் என்று அவர் படி இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தைக்கு பஸ்ஸில் போகும் மிருகங்கள். கண்டக்டராக ஒரு காங்கேயம் காளை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் ஆடுகள், டிக்கெட் எடுக்காத காக்கா. மனசுக்குள் எல்லாம் தயார். ஆனால் பென்சிலை எடுத்த நேரத்தில் சின்ன மாமியார் இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கினார். முதல் வாரம் அப்படியே போயிற்று. ஆட்டுக்கு நாலு கால்கூட நான் போட்டு முடிக்கவில்லை.

2. டை கட்டியவர்

சோமனூரில் தறி போட்டிருக்கும் என் மச்சான் ஒருவன் "நேர நிர்வாகம், தன்முன்னேற்றம்" என்று ஒரு பயிற்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தான். அவனுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சீட்டை என் தலையில் கட்டினான்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஹோட்டல் ஹால். கிரைண்டர் செய்கிறவர், பேக்கரிக்காரர், மோட்டார் ரீவைண்டிங்காரர், நான். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் சிவப்பு டை கட்டியிருந்தார். ஃபேன் காற்றில் அந்த டை அவர் தோளுக்கும் வாய்க்கும் போய் வந்தது. ஆனாலும் அவர் பேசியது எனக்கென்றே பேசியது போல இருந்தது.

"மேடம், உங்க நேரத்தை நீங்களா கொடுக்காம யாரும் எடுத்துக்க முடியாது. காலையில உங்க மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கு. அந்த நேரத்துல கதவை மூடுங்க. போனை எடுத்து வெச்சுடுங்க. ரேடியோ வேண்டாம். யார் வந்தாலும் வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களான்னு ஆரம்பிக்காதீங்க. நீங்க தலையை நிமிர்த்தலைன்னா அவங்களே போயிடுவாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருடம் இதை யாரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, பம்ப் செட் கம்பெனி நடத்தும் உள்ளூர் முதலாளி ஒருவர் பேசினார். அவர் வேட்டி கட்டியிருந்தார். "கடைக்கு ஒரு ஆளு வந்தா, கையில தங்கமே இருந்தாலும் கீழ வெச்சுப்போட்டு எந்திரிச்சு நில்லுங்க. வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத தொழில் வெளங்காதுங்க" என்றார். அதற்கும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதி தட்டும்போதுதான் காலையில் கேட்டது ஞாபகம் வந்தது.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, "இதுல எதைச் செய்யறதுங்க?" என்று கேட்டேன்.

டை கட்டியவர் சிரித்தார். "ரெண்டையும் பேலன்ஸ் பண்ணணும் மேடம்."

எப்படி என்று கேட்பதற்குள் போண்டா வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்கு அப்போது வேண்டியது படம். தண்ணீர் கொடுப்பதில் நான் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவள். அதனால் டைக்காரர் சொன்னபடியே நடப்பது என்று முடிவு செய்தேன்.

3. அமைதி

முதல் காரியமாக அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணா, ரெண்டு வாரத்துக்கு ஒரு பை, ஒரு சூட்கேஸ் எங்கடைக்கு வரக்கூடாது. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடு." அண்ணன் கொஞ்சம் முறைத்துக்கொண்டார். ஆனால் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஷட்டரை முழுக்க இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஜன்னல் கிடையாது. டியூப் லைட்டில் போஸ்டர் கலர் ஏமாற்றும். லைட்டில் நல்ல மஞ்சளாகத் தெரிவது வெளியே கொண்டு போனால் வாந்தி எடுத்த மாதிரி இருக்கும். பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, மேசையை வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டேன். வெளிச்சம் நேராகத் தாளில் விழுந்தது. யார் முகமும் தெரியாது. அருமையான ஏற்பாடு.

ஒரு போர்டும் எழுதினேன். "தற்சமயம் யாரையும் சந்திக்க இயலாத நிலை. பொறுத்தருளவும்." வெள்ளை அட்டையில் கறுப்பு மையில் எழுதி, பார்க்க அம்சமாக இருக்கட்டும் என்று நாலு பக்கமும் கறுப்பு பார்டர் போட்டேன். தொழில் புத்தி.

விடிவதற்கு முன்னால் எழுந்து தலைக்குக் குளித்துவிடுவேன். ஈரத் தலையை அப்படியே விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும் என் ரேடியோ வாயை மூடிக்கொண்டது. ஆரம்பத்தில் மத்தியானம் ஷட்டரை ஏற்றிவிடத்தான் நினைத்திருந்தேன். ஏற்றியும் பார்த்தேன். யாரும் வரவில்லை. அந்த அமைதி ருசித்துவிட்டதால் நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டேன்.

படங்கள் வந்தன. நான்தான் வரைந்தேனா என்று எனக்கே சந்தேகம் வரும்படி வந்தன. ஆடுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. காக்கா டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தது. எனக்கு இப்படி வரைய வரும் என்று அதுவரை தெரியாது. கை நிற்காமல் ஓடியது. நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களில் தெருவே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கொண்டிருந்தது.

4. வாரேன் சொல்லாதவர்கள்

சில விஷயங்கள் எனக்குப் புரியாமல்தான் இருந்தன.

தினமும் காலையில் ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போகும் பூக்கார பழனாத்தாள் வருவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் ஏதாவது கோபமா என்று யோசித்தேன். எதற்குக் கோபம் என்று தெரியவில்லை.

எதிர் டீக்கடை ஆறுமுகம் அண்ணன் வழக்கமாகக் கடையிலிருந்தே கத்துவார். "அக்கா, டீ ஸ்ட்ராங்கா லைட்டா?" இப்போது அவரே டம்ளரை எடுத்து வந்து, குனிந்து உள்ளே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போனார். அவர் கடை ரேடியோவும் மெதுவாகப் பாடியது. பரவாயில்லையே, ஒருத்தி உழைத்தால் ஊருக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் தூக்குப்போசியில் ரசமும் சோறும் கொண்டு வந்து வைத்தார். "சாப்பாட்டை உட்றாதீங்க கண்ணு. உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்றார். எனக்கு நெகிழ்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாளுதானுங்கக்கா. அப்புறம் பழகிக்கும்" என்றேன். அந்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ரசத்தில் உப்பு போட மறந்திருந்தார், அதை நினைத்துத்தான் வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் யாரும் போகும்போது "வாரனுங்க" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஐந்து நிமிடம் வந்து நின்ற ஆள்கூட மூன்று முறை வாரேன் சொல்லாமல் நகர மாட்டான். வாசலில் ஒன்று, படியில் ஒன்று, வண்டியை எடுக்கும்போது ஒன்று. ஒரு நாள் லேபிள் வேலை கொடுக்கிற பார்ட்டி ஒருவர் வந்தார். டைக்காரர் சொன்னபடி நான் வாங்க என்று சொல்லவில்லை, தலையும் நிமிரவில்லை. அவரும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். இந்தப் பயிற்சி இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது. அதே நேரம், என்னவோ சரியில்லை என்றும் பட்டது.

ரஃபீக் பாயிடம் சொன்னேன். அவரும் குழம்பிப் போய்த்தான் இருந்தார்.

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலீங்கக்கா. டீக்கடைல ஆறுமுகண்ணன் என்ற தோள்ல கையப் போட்டு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா பாய்ங்கறாரு. முடிஞ்சுதுங்க, இன்னும் ரெண்டு பாக்கி இருக்குதுன்னேன். அவரு அப்பிடியே பெஞ்சுல உக்காந்துட்டாரு."

"படத்தைப் பத்திக் கேட்டிருப்பாரு."

"படத்துக்கு எதுக்குங்க மூஞ்சி அப்பிடிப் போகுது?"

இருந்த இரண்டு படத்தை முடிக்கிற அவசரத்தில் இரண்டு பேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, காலையில் ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி பாலிஷ் போட்ட ஷூ தெரிந்தது. யாரோ குனிந்து உள்ளே வந்தார். நான் அப்போது கண்டக்டர் காளைக்குக் கண் வைத்துக் கொண்டிருந்தேன். கண் வைக்கிற நேரம்தான் முக்கியம். அங்கே பிரஷ் ஒரு நூல் நகர்ந்தால் காளை மாடாகிவிடும். வந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். தெருவில் ஒரு கார் எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது. நான் நிமிரவில்லை. ஷூ திரும்பிப் போனது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

காளையின் கண் பிரமாதமாக வந்திருந்தது. சில்லறை இல்லை என்று சொல்பவனைப் பார்க்கிற கண்டக்டரின் அதே பார்வை. ஆள் வந்தும் அசராமல் வேலை செய்தாயே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

5. யாரு வாராரு?

படங்கள் எல்லாம் முடிந்தன. துரைசாமியிடமிருந்து போன் வரவில்லை. இப்போது ரிசீவரை ஒழுங்காக வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவை கூப்பிட்டதைத் தவிர அது அடிக்கவில்லை. நான் கூப்பிட்டால் கம்பெனியில் எடுத்த பெண், என் பெயரைக் கேட்டதும் குரலை இறக்கி, "அவரே உங்குளுக்குப் பேசுவாருங்கக்கா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். பையர் வரும் நாளும் தாண்டிவிட்டது. படத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, சொல்ல முடியாமல் தவிக்கிறார்களா?

பொறுக்க முடியாமல் ஒரு நாள் படங்களை அட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று நல்ல சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து, பஸ் ஸ்டாண்டில் நிறையப் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். டீக்கடையைத் தாண்டும்போது ஆறுமுகம் அண்ணன் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பால் டம்ளருக்கு வெளியே போனது.

திருப்பூர் கம்பெனியில் என்னைக் கண்டதும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றாள். துரைசாமி அறையிலிருந்து வெளியே வந்தார். வழக்கமாக "வாங்க வாங்க அம்மணி" என்று தெருவரைக்கும் கேட்கும். அன்று வாய் திறக்கவில்லை. என் நெற்றியையே பார்த்தார். பிறகு தலையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அம்மணி, நீங்க எதுக்குங்க இப்ப அலையறீங்க?"

"படம் எல்லாம் முடிஞ்சுதுங்க. பையர் எப்பங்க வாராரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? மனசைத் தேத்திக்குங்க மொதல்ல. வேலை எங்க போகுது?"

"மனசைத் தேத்திக்கறதா? அப்பொ என்ற படம் வேண்டாமுங்களா?"

"வேணும் வேண்டாங்கற பேச்சில்லீங்க. பதினாறு முடியட்டும். அப்புறமேட்டுக்கு நானே வந்து பேசறேன்."

அன்றைக்குத் தேதி இருபதைத் தாண்டியிருந்தது. அடுத்த மாதம் பதினாறாம் தேதியைச் சொல்கிறார், இழுத்தடிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"ஊட்டுக்காரருக்கு எப்பிடிங்க... திடீருன்னா?"

"அவரு எப்பவுமே திடீருன்னுதானுங்க வருவாரு, போவாரு. கொப்பரை சீசன். ரெண்டு வாரமா ஆளைக் காணமுங்க. இந்த ஞாயத்துக்கெழமை கண்டிப்பா வாரேன்னு போன் பண்ணியிருக்காரு."

துரைசாமி எனக்காக எடுத்த தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"யாரு வாராரு?"

"என்ற ஊட்டுக்காரருதானுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தண்ணீரை அவரே குடித்தார். பிறகு கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

பையர் சொன்ன நாளுக்கு வந்திருக்கிறார். கோயமுத்தூர் ஹோட்டலில் தங்கியிருந்தார். துரைசாமி எனக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்து, லைன் கிடைக்காததால், பையரையே காரில் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகும் வழியில் என் கடைக்கு வந்திருக்கிறார். பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கறுப்பு பார்டர் போட்ட போர்டு தொங்குகிறது. குனிந்து உள்ளே போனால் தலைவிரி கோலமாக, பூவில்லாமல், தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"நீங்க வாங்கன்னு சொல்லுலீங்க அம்மணி. எளவு ஊட்டுல தானுங்க வாங்கன்னு கூப்பட மாட்டாங்க. எனக்கு அப்பவே உசுரு போயிருச்சு. நானும் வாரேன்னு சொல்லாம வந்துட்டேன். டீக்கடைக்காரருகிட்டக் கேட்டா, கரெக்டாத் தெரியலீங்க, ஊட்டுக்காரராத்தான் இருக்கோணும், ஆளையே காணமுங்கறாரு. கெட்டது நடந்த ஊட்டுல படத்தைக் குடுன்னு எப்பிடிங்க கேக்கறது?"

"பையர்?"

"கார்லதான் உக்காந்திருந்தாரு. அந்தச் சந்துல, உங்க வாசல்ல. ஒரு வாங்க சொல்லியிருந்தீங்கன்னா அவரையும் உள்ள கூப்பிட்டிருப்பேன். கம்ப்யூட்டர் செட்டைப் பாத்து ஓகே பண்ணிப்போட்டு, முந்தாநேத்து ஊருக்குப் போயிட்டாருங்க."

சவ ஊர்வலம் போகும்போது கடைகள் ஷட்டரைப் பாதி இறக்குவதை நான் பார்க்காதவள் இல்லை. ஆனால் என் ஷட்டரை நான் உள்ளேயிருந்துதான் பார்த்தேன். வெளியே நின்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த ஷூவும், கார்ச் சத்தமும், உப்பில்லாத ரசமும் எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தன. அழுகை வந்தது. அடக்கவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த ஆபீசில் நான் அழுததுதான் அங்கே இருந்தவர்களுக்குப் புரியாமல் போயிற்று.

துரைசாமி அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்துச் சிரித்தார். காளையில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணை எப்பங்க வெச்சீங்க?"

"நீங்க வந்து நின்னப்பதானுங்க" என்றேன்.

அவர் படங்களை அதே வரிசையில் அடுக்கி என்னிடம் கொடுத்தார். அந்த சீசன் அவ்வளவுதான்.

6. ஷட்டரை ஏற்றியது

திரும்பி வந்ததும் முதலில் அந்த போர்டைக் கழற்றினேன். பிறகு ஷட்டரை எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக முழுக்க ஏற்றினேன். ஆறுமுகம் அண்ணன் எட்டிப் பார்த்தார். "எங்கூட்டுல எல்லாரும் நல்லாருக்காங்கண்ணா" என்று கத்தினேன். அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தபோது சந்து முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா அவர் கையைத் தொட்டே பார்த்துவிட்டார். எதற்கு இத்தனை வரவேற்பு என்று அவர் கேட்டதற்கு, பாதியைத்தான் சொன்னேன். ரஃபீக் பாய் மீதியைச் சொல்லிவிட்டார்.

நான் திருப்பூரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே பழனாத்தாள் கூடையோடு கடை வாசலைத் தாண்டினாள். பக்கவாட்டில்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

"வாங்க" என்றேன்.

அவள் நின்றாள். என் பொட்டையும் தலையில் இருந்த பூவையும் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தெனமும் கை தன்னால ஒரு மொளம் அளந்துபோடுதுங்க அம்மணி. அளந்தப்பறம்தான் நெனப்பு வரும். அதைத் திருப்பிக் கூடைல போட மனசு வராது. முக்குல இருக்கற புள்ளையாருக்குப் போட்டுட்டுப் போயிருவேன்."

எனக்காக அளந்த பூ இத்தனை நாள் பிள்ளையார் தலையில் இருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோபமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டிசைன் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "எப்படி ஆன்ட்டி ஃபோகஸ் பண்றது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். காலையில் மூன்று மணி நேரம் இன்றைக்கும் எனக்கு வரைகிற நேரம். அதில் டைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் ஷட்டர் முழுக்க ஏறியிருக்கும். அண்ணன் மூலமாக ஒரம்பரைக்குச் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள். தெருவுக்கும் பார்ட்டிக்கும் சொல்லவில்லை, அவர்களாக ஒரு சாவை வைத்துக்கொண்டார்கள். அதனால் அந்த வாரமே ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, "இந்த நேரத்துல நான் வரைவேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. சூட்கேஸ்களை ஆறுமுகம் அண்ணன் தன் கடையில் வாங்கி வைத்தார். நியாயத்தையும் அவரே கேட்டுக்கொண்டார். அவருக்கு அதில் ஆர்வம் உண்டு.

அந்தச் செட்டில் இருந்த ஆடுகளும் காக்காவும் பிறகு வேறு வேறு பனியன்களில் ஏறின. காளையை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போதும் என் மேசைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. அந்தக் கண் அப்படி வந்தது, அன்றைக்கு நான் தலை நிமிராததால். வருடம் முழுக்க வரவேண்டிய வேலை வாசல்வரை வந்து திரும்பிப் போனதும் நான் தலை நிமிராததால்தான். எது சரி என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போதெல்லாம் வாசலில் யாருடைய கால் தெரிந்தாலும், பிரஷைத் தாளிலிருந்து எடுக்காமல், "வாங்க" என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.